திரும்பி ஓடும் ஆறு

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். இதைத் தெரிஞ்சுக்க இன்ஜினியரிங் படிக்கணும்னு இல்ல. ஆனா கம்போடியாவில் ஓர் ஆறு ஒவ்வொரு வருஷமும் சில மாதங்கள் திசை மாறி ஓடுது. விதி எதுவும் உடையவில்லை. எது மேடு, எது பள்ளம் என்பதுதான் அங்கே மாறுகிறது.

மேப்பைத் திறந்து புனோம் பென் நகரத்தைப் பாருங்க. வடக்கே லாவோஸ் பக்கமிருந்து மீகாங் வருது. வடமேற்கிலிருந்து தோன்லே சாப் ஆறு வந்து சேருது. சேர்ந்ததும் மீகாங், பசாக் என இரண்டாகப் பிரிந்து வியட்நாம் வழியாகக் கடலுக்குப் போகுது. இந்தச் சந்திப்புக்குச் சாக்தோமுக் என்று பெயர். வேற ஒண்ணும் இல்ல, நம்ம 'சதுர்முகம்'தான்!

தோன்லே சாப் ஆற்றைப் பிடிச்சு சுமார் 120 கி.மீ. மேலே போனா அதே பெயரில் ஓர் ஏரி. தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பெரிய நன்னீர் ஏரி அது. கோடையில் பரப்பு சுமார் 2,500 ச.கி.மீ.; பல இடங்களில் ஆழம் ஒரு மீட்டர்தான். அப்போ ஏரித் தண்ணீர் மீகாங்குக்கு வடியும்.

மே, ஜூனில் பருவமழை தொடங்கியதும் மீகாங் மட்டம் ஏறும். ஏரிக்கும் நகரத்துக்கும் நடுவே தரைச் சரிவு ரொம்பக் குறைவு. அதனால் மீகாங் மட்டம் ஏரி மட்டத்தைத் தாண்டியதும் ஆறு ஏரியை நோக்கித் திரும்பிடும். நாம படிக்கிற ஹெட் டிஃபரன்ஸ், அவ்வளவுதான். ஏரி சுமார் 15,000 ச.கி.மீ. வரை விரியும், ஆழம் எட்டு, ஒன்பது மீட்டரைத் தொடும். அக்டோபர், நவம்பர் வாக்கில் மறுபடி வடிய ஆரம்பிக்கும். அதையொட்டித்தான் புனோம் பென்னில் படகுப் போட்டியோடு தண்ணீர்த் திருவிழா.

ஒரு அணைகூட இல்லாமல் இயற்கையே கட்டிய நீர்த்தேக்கம் இது. மழைக்காலத்தில் வெள்ளத்தை வாங்கி வெச்சுக்கும். கோடையில் அதைத் திருப்பித் தந்து, வியட்நாம் டெல்டாவுக்குள் உப்புநீர் ஏறாமல் தடுக்க உதவும். மீன்களும் ஏரியைச் சுற்றி வெள்ளத்தில் மூழ்கும் காட்டுக்குள்தான் வளரும். கம்போடியர்களின் தட்டில் விழும் புரதத்தில் பெரும்பங்கு மீன்தான்.

சிக்கல் மேலே இருக்கு. சீனா, லாவோஸ் அணைகள் மழைக்காலத்தில் தண்ணீரைத் தேக்கி, கோடையில் மின்சாரத்துக்காகத் திறக்கின்றன. வெள்ளத்தின் உச்சம் தாழ்கிறது, கோடை மட்டம் உயர்கிறது. வெள்ளக் கட்டுப்பாடுன்னு பாடத்தில் இதுக்கு மார்க் கிடைக்கும். ஆனா இங்கே உச்சம் தாழ்ந்தால் ஏரிக்குள் போகும் தண்ணீரும் குறையும். 2019, 2020 இரண்டு வருஷமும் ஆறு தாமதமாகவே திரும்பியது, வேகமும் குறைவு. மழைப் பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டதால் பழி முழுவதையும் அணைகள் மேல் போட முடியாது. ஆனால் கோடை மட்டம் உயர்வது வேறு கதை: காட்டின் தாழ்ந்த ஓரம் வருஷம் பூரா தண்ணீரில் நிற்கும். பாதி வருஷம் மூழ்கிப் பழகிய அந்த மரங்களுக்கு, மீதிப் பாதியில் வேர் காய்ந்தாகணும்.