வாக்களிக்காமல் இருக்கலாமா?

தேர்தல் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழுவதுண்டு. “நிற்பவர்களில் எவரும் சரியில்லை. ஓட்டுப் போட்டு அவர் செய்யும் பாவத்தில் நாம் ஏன் பங்கு பெற வேண்டும்? பேசாமல் வீட்டில் இருந்துவிடலாம்” என்பார்கள். இது பேணுதலா, பொறுப்பைத் தட்டிக் கழிப்பதா?

முதலில் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். இந்தியாவில் வாக்களிப்பது கட்டாயமன்று. 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 49-ஓ என்னும் விதி, சாவடிக்கு வந்த பின்னும் வாக்களிக்க மறுக்க இடம் தந்தது. ஆனால் மறுத்தவர் இன்னார் என்பது பதிவேட்டில் எழுதப்பட்டதால் இரகசியம் போயிற்று. 2013 செப்டம்பர் 27 அன்று சுப்ரீம் கோர்ட், எவரையும் ஏற்காதிருப்பதும் கருத்துரிமையே என்று கூறி, இயந்திரத்தில் ‘நோட்டா’ பொத்தானை வைக்கப் பணித்தது. ஆகவே விலகியிருப்பது குற்றமன்று. எனினும் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் நோட்டாவுக்கு எத்தனை வாக்கு விழுந்தாலும், வேட்பாளர்களுள் அதிக வாக்குப் பெற்றவரே வென்றவராவார்.

இனி மார்க்கத்தின் பார்வை. வாக்கு என்பது சாட்சியம், பரிந்துரை, வகாலத் ஆகிய மூன்றும் சேர்ந்தது என்று பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் விளக்கினார்கள். ‘இவர் தகுதியானவர்’ என்று நாம் சொல்லும் சாட்சியம் அது. பொய்ச் சாட்சியம் பெரும் பாவம். அதேபோல் சாட்சியத்தை மறைப்பவரின் இதயம் பாவத்திற்குள்ளாகிறது என்று அல்பகரா 283-ஆம் வசனம் எச்சரிக்கிறது. கடன் விவகாரத்தில் வந்த வசனமாயினும் அதன் படிப்பினை பொதுவானது. முழுத் தகுதியுடையவர் இல்லாதபோது, தீமையைக் குறைக்கும் நிய்யத்துடன் இருப்பவருள் மேலானவருக்கு வாக்களிப்பது நல்லது என்பதும் முஃப்தி அவர்களின் கருத்தாகும்.

‘என் ஒரு ஓட்டால் என்ன ஆகும்?’ என்று கேட்கலாம். 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் வென்றவர் பெற்றது 62,216. தோற்றவர் பெற்றது 62,215. அன்று வீட்டில் இருந்துவிட்ட ஒவ்வொருவரும் அந்த முடிவில் பங்காளியே.

ஆகவே, நன்கு விசாரித்தறிந்து, எவருக்கும் சாட்சி சொல்ல மனம் இடந்தராமல், சாவடிக்குச் சென்று அதைத் தெரிவிப்பது வேறு. விசாரிக்காமலேயே ‘எல்லோரும் ஒன்றுதான்’ என்று கூறிப் படுத்திருப்பது வேறு. முன்னது ஒரு பதில், பின்னது மௌனம். அந்த மௌனத்திற்குப் பேணுதல் என்று பெயரிட்டுவிடக் கூடாது.

வீட்டுப் பெண்களின் வாக்கு அவர்களுடைய அமானத் என்பதையும் ஆண்கள் மறக்கலாகாது. அவர்களுக்கும் விவரம் சொல்லுங்கள். முடிவை அவர்களிடமே விடுங்கள்.

அல்லாஹ் நம் அமானத்துகளை நிறைவேற்ற நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.