எண்ணைச் சொன்னால் மட்டும் போதுமா?

2024 மே 29 அன்று தில்லி முங்கேஷ்பூரில் உள்ள தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் காட்டியது. உலகெங்கும் அது செய்தியாயிற்று. அதே நாளில் நம் கிட்வாய் நகருக்கு அருகிலுள்ள சப்தர்ஜங் நிலையத்தில் பதிவானது 46.8 டிகிரி. பின்னர் இந்திய வானிலைத் துறை சோதித்துப் பார்த்து, முங்கேஷ்பூர்க் கருவி சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது என்று அறிவித்தது.

இதைக் கேட்ட சிலருக்கு, "பருவநிலை மாற்றம் என்பதே கட்டுக்கதை" என்று தோன்றக்கூடும். ஆனால் 46.8 டிகிரியே உயிரைக் குடிக்கக் கூடிய வெப்பம். ஆகவே அறிவியலை மக்களுக்கு எப்படிச் சொல்வது என்பதும் கற்க வேண்டிய ஒரு பாடமே.

முதலாவது, வானிலை வேறு, பருவநிலை வேறு. இன்றைய வெயில் வானிலை. பொதுவாக 30 ஆண்டுகளின் சராசரியைக் கணக்கிட்டுச் சொல்வது பருவநிலை. ஒரு நாள் வெயிலை வைத்துப் பருவநிலை மாறிவிட்டது என்பதும் தவறு. ஒரு நாள் குளிரை வைத்து மாறவில்லை என்பதும் தவறு.

இரண்டாவது, சிறிய எண்ணின் பெரிய பொருளை விளக்க வேண்டும். 2024-இல் உலகச் சராசரி வெப்பம், 1850–1900 கால அளவைவிடச் சுமார் 1.55 டிகிரி உயர்ந்திருந்தது. "ஒன்றரை டிகிரிதானே, கூலர் போட்டால் போயிற்று" என்பார்கள். ரயில்வேயில் 13 மீட்டர் தண்டவாளம் 10 டிகிரி வெப்பம் ஏறினால் நீள்வது ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆனால் நீளமாகப் பற்றவைத்த பாதையில் அது நீள இடமில்லை. உள்ளேயே அழுத்தம் ஏறி, பாதை வளைந்துவிடக்கூடும். இல்லத்தரசிகளுக்கு இன்னும் எளிதாகச் சொல்லலாம்: உடல் வெப்பம் ஒன்றரை டிகிரி செல்சியஸ் ஏறினால், தெர்மாமீட்டரில் 98.4 என்பது 101 ஆகிவிடும். அதைக் காய்ச்சல் என்கிறோம்.

மூன்றாவது, என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். கோடையில் பாதையைக் காவல் பார்க்கும் தொழிலாளிக்கு நாங்கள் விரிவுக் குணகம் கற்பிப்பதில்லை. தண்டவாள வெப்பம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ரோந்து போக வேண்டும் என்பதே அவருக்கு உத்தரவு. வானிலைத் துறையின் நிறங்களும் சிக்னல் போலத்தான். பச்சைக்கு எச்சரிக்கை இல்லை, மஞ்சளுக்குக் கவனம், ஆரஞ்சுக்கு ஆயத்தம், சிவப்புக்கு உடனடி நடவடிக்கை.

ஆமதாபாத் இதற்கு நல்ல உதாரணம். 2010 மே மாத வெப்ப அலையின்போது அங்கு வழக்கத்தைவிட 1,300-க்கும் அதிகமானோர் இறந்தனர். அதன்பின் 2013-இல் தெற்காசியாவிலேயே முதலாவதாக வெப்பச் செயல்திட்டம் வகுத்தார்கள். முன்னெச்சரிக்கை வந்ததும் மருத்துவமனைகளும் பொதுமக்களும் என்ன செய்ய வேண்டும் என்று அதில் வரையறுத்தார்கள்.

நான்காவது, நம்பிக்கை. சென்னை வானிலை மையத்தின் எஸ்.ஆர். ரமணன் 2016-இல் ஓய்வு பெறும்வரை, மழைக்காலந்தோறும் தொலைக்காட்சியில் தோன்றி நிதானமான தமிழில் விளக்கினார். "காற்றழுத்தத் தாழ்வு நிலை" என்ற சொல் வீட்டுப் பேச்சில் புழங்கியது. கேட்பவரின் மொழியில், மிகைப்படுத்தாமல் சொல்வதால் வளர்வது நம்பிக்கை. கருவி பிழை காட்டினால் அதை வெளிப்படையாக அறிவிப்பதும் அந்த நம்பிக்கையைக் காப்பதே.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி. அடுத்த மே மாதம் முழுவதும் ஒரு நோட்டில் மூன்று விவரங்களை எழுதி வரட்டும்: சப்தர்ஜங்கின் அதிகபட்ச வெப்பம், இயல்பைவிட எத்தனை டிகிரி கூடுதல், அன்றைய எச்சரிக்கை நிறம். பிறகு இரண்டு வாக்கியங்கள் அமைக்கட்டும். ஒன்று, தெருமுனையில் இஸ்திரி போடுபவருக்கு இந்தியில். மற்றொன்று, ஊரிலிருக்கும் பாட்டிக்குத் தமிழில். "பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் நிற்காதீர்கள், தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீரோ மோரோ குடியுங்கள்" என்பது போல இருந்தால் போதும். கேட்டவர் அதன்படி நடந்தால் பிள்ளைக்கு முழு மதிப்பெண்!