தூண் பிளக்கும் நேரத்தில் விரல் எங்கே?

மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவில் ‘பிரகலாத சரித்திரம்’ இரவு முழுக்க நீளும். நரசிம்மர் வெளிப்படும் நேரத்துக்கு அங்கே முகமூடியும் தாளமுமே போதும். ஆனால் அதே கதையை எட்டு எல்இடி பார் லைட்டோடு ஊர்த் திருவிழா மேடையில் போடும் லைட் செட்காரருக்கு, தூண் பிளக்கும் அந்த நொடிதான் பரீட்சை. மவுஸை நகர்த்தித் திரையில் பட்டனைத் தேடுவதற்குள் இரணியன் மடியில் கிடப்பான்.

லேப்டாப்பில் கியூஎல்சி பிளஸ் போன்ற இலவச மென்பொருள் இருந்தால், இந்த அளவு மேடைக்குப் பெரிய கன்சோல் தேவையில்லை. ஒரு பார் லைட்டுக்கு ஏழு சேனல் என்றாலும் எட்டு லைட்டுக்கு 56தான். லைட்டுகளுக்குக் கட்டளை போகும் ஒரு டிஎம்எக்ஸ் லைனில் 512 சேனல் வரை போகலாம். விரல் வைக்க ஒரு பெட்டி மட்டும் வேண்டும்.

இருப்பதில் மலிவு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி நம்பர் கீபேட். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சீனைக் கொடுத்து, மேலே பேப்பர் ஒட்டி ‘காடு’, ‘அரண்மனை’, ‘மயானம்’ என்று எழுதிக்கொள்ளலாம். இதைக் கேவலமாக நினைக்க வேண்டாம்; நாடகத்துக்குப் பாதி வேலை இதிலேயே முடியும். ஒரே ஆபத்து, திரையில் வேறு ஏதாவது அறிவிப்பு வந்து முன்னால் நின்றால், நீங்கள் அழுத்துவது அதற்குப் போய்ச் சேரும்.

அடுத்த படி மிடி பெட்டிகள். மிடி என்பது 1983இல் இசைக்கருவிகளுக்காக வந்த ஏற்பாடு. பாட்டு கம்போஸ் செய்பவர்கள் உலகெங்கும் வாங்குவதால்தான் இவை மலிவு. லைட்காரர்கள் ஓசியில் பலன் பெறுகிறோம். கோர்க் நானோகன்ட்ரோல்2 பெட்டியில் எட்டு ஃபேடர், எட்டு திருகு. பைக்குள் அடங்கும், ஆனால் ஃபேடரின் ஓட்டம் குட்டை. பெஹ்ரிங்கர் எக்ஸ்-டச் மினியில் எட்டுச் சுழல் குமிழும் ஒரே ஒரு ஃபேடரும். குமிழைச் சுற்றி எரியும் சிறு விளக்குகள் இப்போதைய அளவைக் காட்டும். அக்காய் ஏபிசி மினியில் 64 ஒளிரும் பட்டன், ஒன்பது ஃபேடர். எந்த சீன் ஓடுகிறது என்பது இருட்டிலும் தெரியும். என் ஓட்டு இதற்குத்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபேடர்தான் ‘நிஜமான’ லைட் வேலை என்று பலர் நம்புகிறார்கள். மிடி ஃபேடர் அனுப்பும் அளவு 0 முதல் 127 வரை; லைட் கேட்பது 0 முதல் 255 வரை. மயான காண்டத்தில் நீலத்தை மெல்ல மெல்ல அணைக்கும்போது, அடிமட்டத்தில் எல்இடி படிப்படியாகக் குதிப்பது முன்வரிசைக்குத் தெரியும். பட்டனை ஒருமுறை தட்டி ‘எட்டு வினாடியில் அணை’ என்று மென்பொருளிடம் விட்டால் அது வழுக்கிக்கொண்டு போகும். ஆக, நாடகத்துக்குப் பட்டன். தாளத்தோடு கை ஏறி இறங்க வேண்டிய கரகாட்டத்துக்கும் இன்னிசைக் கச்சேரிக்கும் ஃபேடர். இரண்டையும் எடுத்துச் செய்பவர் இரண்டும் உள்ள பெட்டியை வாங்குவதே முறை.

மலிவுப் பெட்டிகளின் ஃபேடரில் மோட்டார் கிடையாது. பக்கம் மாற்றினால் திரையில் ஒரு அளவு, கையடியில் வேறு அளவு. தொட்டதும் வெளிச்சம் எகிறும். கியூஎல்சி பிளஸ்ஸில் ஸ்லைடர் அமைப்புக்குள் ஃபேடர் அந்த அளவைத் தொட்ட பிறகே பிடித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

செல்போனை வைஃபை வழியாகக் கன்ட்ரோலர் ஆக்கலாம். பகலில் லைட்டைக் கட்டி, மேடையில் நின்றபடி திசை பார்க்க அது அருமை. ராத்திரி கூட்டம் சேர்ந்து ஆயிரம் போன் உள்ளே வந்தபிறகு அதை நம்பி உட்கார மாட்டேன்.

லேப்டாப்பே வேண்டாம் என்பவருக்கு எங்கும் வாடகைக்குக் கிடைக்கும் டிஸ்கோ 240 இருக்கிறது. 192 சேனல், 240 சீன். பத்து வகைச் சீன் போதுமென்றால் அது நேர்மையான தேர்வு. சீன் 17 எது என்று நோட்டுப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பட்ஜெட்டைப் பெட்டியில் குறைத்து, லேப்டாப்பை லைட் லைனோடு இணைக்கும் டாங்கிளில் கூட்டுங்கள். மிக மலிவான டிஎம்எக்ஸ் டாங்கிளுக்குச் சொந்த மூளை இல்லை. ஒவ்வொரு சிக்னலின் நேரத்தையும் லேப்டாப்பே கணக்கிட்டு அனுப்புகிறது. லேப்டாப் வேறு வேலையில் மூச்சு வாங்கினால் லைட் துடிக்கும். உள்ளே தனிச் சில்லு உள்ள டாங்கிள் விலை கூடினாலும் அந்தத் தொல்லை தராது. லைனின் கடைசி லைட்டில் 2, 3 பின்களுக்கு நடுவே 120 ஓம் ரெசிஸ்டர் போட மறக்கக் கூடாது. பாதிப் பேர் இதைச் செய்யாமல் பெட்டியைத் திட்டுகிறார்கள்.

டெல்டாவுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. சம்பா பயிர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் தத்துப்பூச்சி வெளிச்சம் தேடி வந்து மொய்க்கும். ஃபேடர் ஓடும் பள்ளத்தில் அது விழுந்தால் நகர்த்தும்போது நெறநெறக்கும். மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள், பக்கத்தில் ஒரு பெயின்ட் பிரஷ்.

ஜெனரேட்டர் மாற்றும்போது லேப்டாப்பும் அதிலிருந்து கரன்ட் எடுக்கும் பெட்டியும் பேட்டரியில் பிழைத்துக்கொள்ளும். லைட் அணைந்துதான் திரும்பும். நாடகம் தொடங்குமுன் யுஎஸ்பி வயரையும் ஒருமுறை பிடுங்கி மறுபடி செருகிப் பாருங்கள். மென்பொருள் பெட்டியைத் தானாக அடையாளம் காண்கிறதா, மூடித் திறக்க வேண்டுமா என்பது பபூன் மேடைக்கு வருமுன்னே தெரிந்திருக்க வேண்டும்.