கரையில் நின்று கடலைப் படிப்போம்

(இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, "எனக்குக் கவிதையெல்லாம் வராதுண்ணே" என்றேன். "உனக்குத் தெரிஞ்சதை எழுதுப்பா, போதும்" என்றார். எனக்குத் தெரிந்தது கடல்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊர்க்காரன் நான். தாத்தா கட்டுமரத்தில் போனவர். அப்பா ஃபைபர் வள்ளத்தில் போகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. போன வருடம் தொழிற்சாலை பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு கடற்கரையில் பஸ்ஸை நிறுத்தினோம், ஞாபகம் இருக்கிறதா? வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. காற்றும் இல்லை. "சூப்பர் கிளைமேட்டுடா!" என்று சொல்லிக்கொண்டே பத்துப் பதினைந்து பேர் தண்ணீரில் இறங்கினார்கள். அலை அடிக்காத இடமாகப் பார்த்து நின்ற நம் வகுப்பு நண்பன் ஒருவன் இரண்டே நிமிடத்தில் உள்ளே போய்விட்டான். கரையில் வலை சரி பண்ணிக்கொண்டிருந்த இரண்டு அண்ணன்மார் கயிறோடு பாய்ந்து இழுத்துப் போட்டதால் இன்றைக்கும் அவன் நம்மோடு கேன்டீனில் டீ குடிக்கிறான். அப்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த இடம் ஆபத்து என்று எனக்குத் தெரியும். கேலி பண்ணுவார்களே என்று வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

வானம் நன்றாக இருந்தால் கடலும் நன்றாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. தலைக்கு மேலே இருப்பது இந்த ஊர் வானிலை. காலடியில் வரும் அலையோ எந்தத் தேசத்துக் காற்றால் உண்டானதோ! எப்படி என்று பார்ப்போம்.

1. காற்றும் அதன் கணக்கும்

வானொலியிலும் டிவியிலும் அடிக்கடி ஓர் அறிவிப்பு வரும்: மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று. நாம் சேனலை மாற்றிவிடுவோம். ஆனால் அந்த "இடையிடையே" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். காற்று தள்ளும் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும். 45, 65 ஆனால் விசை ஏறக்குறைய இரண்டு மடங்கு. 30, 60 ஆனால் நான்கு மடங்கு. சின்ன வள்ளத்தைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அந்த இடையிடையே வரும் அடிதான்.

கப்பல்காரர்கள் காற்றை நாட் கணக்கில் சொல்வார்கள். 1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். இந்திய வானிலைத் துறையின் கணக்குப்படி 17 முதல் 27 நாட் வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 28 முதல் 33 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 34 நாட்டைத் தொட்டால், அதாவது மணிக்கு சுமார் 62 கிலோமீட்டர் ஆனால், அது புயல்.

தினசரிக் காற்று வேறு. பகலில் தரை சீக்கிரம் சூடாகும்; கடலிலிருந்து கரைக்குக் காற்று வரும். இரவில் தரை சீக்கிரம் ஆறும். கரையிலிருந்து கடலுக்குக் காற்று போகும். எஞ்சின் வராத காலத்தில் தாத்தா விடியற்காலையில் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், மத்தியானத்துக்கு மேல் கடற்காற்றில் திரும்புவாராம். நாம் ஆறாம் வகுப்பில் மனப்பாடம் பண்ணியதை அவர் பள்ளிக்கூடம் போகாமலேயே செய்து வந்திருக்கிறார்!

2. அலை: உயரம் மட்டும் போதாது

ஓர் அலை எவ்வளவு பெரிதாகும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: காற்றின் வேகம், அது எத்தனை மணி நேரம் வீசுகிறது, எவ்வளவு தூரக் கடல்பரப்பின் மேல் வீசுகிறது.

அறிவிப்பில் "அலை உயரம் 2 மீட்டர்" என்றால் எல்லா அலையும் 2 மீட்டர் என்று அர்த்தமில்லை. 100 அலைகளை உயர வரிசைப்படி அடுக்கி, அதில் பெரிய 33 அலைகளின் சராசரியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆகவே நடுவில் எப்போதாவது அதைப் போல இரண்டு மடங்கு, 4 மீட்டர் வரைகூட, ஓர் அலை வரலாம். "அஞ்சு நிமிஷமா பாக்குறேன், சின்ன அலைதான்" என்று சொல்லிவிட்டுப் பாறையில் ஏறி போட்டோ எடுப்பவர்களை அடித்துக்கொண்டு போவது அந்த ஓர் அலைதான்.

உயரத்தைவிட முக்கியமானது அலைக்காலம். ஒரு முகடு வந்து அடுத்த முகடு வருவதற்கு ஆகும் நொடிகள். ஆழ்கடலில் அலைநீளம் = 1.56 × காலத்தின் வர்க்கம் (மீட்டரில்). கால்குலேட்டரை எடுங்கள். பக்கத்துக் காற்றால் உண்டாகும் 6 நொடி அலைக்கு நீளம் 56 மீட்டர். 18 நொடி அலைக்கு 505 மீட்டர்! அது நடுக்கடலில் மெதுவாக ஏறி இறங்கும். வள்ளத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆழம் குறைந்த கரைக்கு வந்ததும் வேகம் குறைந்து, உயரம் கூடி, சுவர் மாதிரி எழும்பும்.

3. கள்ளக்கடல்

எங்கள் பக்கத்திலும் கேரளத்திலும் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். கள்ளன் போலச் சொல்லாமல் வரும் கடல். மீனவர் வைத்த இந்தப் பெயரையே 2012-இல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது.

இது எங்கிருந்து வருகிறது? தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் வீசும் பெருங்காற்றிலிருந்து. 18 நொடி அலையின் முகடு ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் ஓடும். அலைக்கூட்டமும் அதன் ஆற்றலும் அதில் பாதி வேகத்தில் வரும். 5,000 கிலோமீட்டர் வர 100 மணி நேரம், அதாவது நான்கு நாள். நான்கு நாளைக்கு முன் யாருக்கும் தெரியாத இடத்தில் அடித்த காற்று, இன்றைக்கு வெயில் அடிக்கும் நம் கரையில் வந்து வீட்டுக்குள் தண்ணீரை ஏற்றுகிறது.

2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். நம்மைவிடச் சில வயதே மூத்தவர்கள். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுத்திருந்த நாள் அது. எச்சரிக்கை இருந்தது. இருந்தும் உயிர்கள் போயின. படித்தவர்களுக்கே இந்தக் கதி என்றால் படிப்பு மட்டும் போதாது, எதைப் படிக்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும்.

4. இழுப்பு

நம் நண்பனை இழுத்தது இதுதான். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவில் பள்ளமான இடம் கிடைத்தால் அதன் வழியாக ஆறு மாதிரி கடலுக்குள் ஓடும். பாடப் புத்தகத்தில் ரிப் கரண்ட். பள்ளமாக இருப்பதால் அங்கே அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை அடிக்கும்போது நடுவில் ஒரு துண்டு மட்டும் கறுத்து, அமைதியாகக் கிடக்கும். நீச்சல் தெரியாதவர் அதைத்தான் நல்ல இடம் என்று தேர்ந்தெடுப்பார்! தூண்டில் வளைவுக் கற்களின் ஓரத்திலும் இப்படி இழுப்பு இருக்கும்.

சில நேரம் அது நொடிக்கு 2 மீட்டர் வரை ஓடும். ஒலிம்பிக் வீரர் நீந்தும் வேகமே ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவதுதான் மிச்சம். மாட்டிக்கொண்டால்:

(அ) பதறாமல் மிதங்கள். இழுப்பு வெளியே கொண்டுபோகுமே தவிர அடியில் அமுக்காது.
(ஆ) கையை உயர்த்திக் கூப்பிடுங்கள்.
(இ) நீந்த முடிந்தால் கரையை நோக்கி வேண்டாம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள்.
(ஈ) கரையில் நிற்பவர் குதிக்கக் கூடாது. கயிறு, காலித் தண்ணீர் கேன், எது கிடைத்தாலும் எறியுங்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவதுதான் அதிகம் நடக்கிறது.

5. கூண்டு என்றால் என்ன?

"3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்" என்று செய்தி வந்தால் ஹாஸ்டலில், "கூண்டுக்குள்ள யாருடா இருக்கா?" என்று சிரிப்பார்கள். துறைமுகக் கம்பத்தில் பகலில் ஏற்றும் கறுப்பு உருவங்கள்தான் அவை. இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். எண் கூடினால் புயலின் பலம் கூடுகிறது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

1, 2: தூரத்தில் கடலில் தாழ்வு மண்டலம் அல்லது புயல். துறைமுகத்துக்கு உடனே ஆபத்தில்லை. புறப்படும் கப்பலுக்கு எச்சரிக்கை.
3, 4: துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம்.
5, 6, 7: ஆபத்து. புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுப் போனால் 5, வலப்பக்கம் விட்டால் 6, துறைமுகத்தின் மேலாகவோ மிக அருகிலோ கடந்தால் 7.
8, 9, 10: அதே மூன்று திசைகள், ஆனால் பேராபத்து.
11: எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது.

6. டூர் போகும் முன்

பஸ்ஸுக்குக் காசு வசூலிப்பவர்கள் இதையும் செய்யுங்கள். வானிலைத் துறை, இன்காய்ஸ் இரண்டின் அறிவிப்பையும் முதல் நாளும் அன்று காலையும் போனில் பாருங்கள். அலைக்காலம் அதிகமாகப் போட்டிருந்தால் வெயில் அடித்தாலும் இறங்க வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை குமரியின் மேற்குக் கரையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குக் கரையும் கொந்தளிக்கும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாளில் ஏற்றமும் வற்றும் அதிகம். கன்னியாகுமரியில் பாறைக்குப் படகு விடவில்லை என்றால் கவுன்டரில் சண்டை போடாதீர்கள், உங்களுக்காகத்தான் நிறுத்துகிறார்கள். முக்கியமாக, கரையில் வலை பின்னும் ஒரு பெரியவரிடம், "ஐயா, இங்க இறங்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

முடிவாக ஒன்று. 2017 நவம்பர் 29-இல் தாழ்வு மண்டலமாக உருவான ஒகி, மறுநாள் காலையே குமரிக் கடலில் புயலாகிவிட்டது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. பல நாள் தங்கி மீன்பிடிக்கும் போட்டில் எங்கள் சித்தப்பா முன்பே போயிருந்தார். கரையில் எச்சரிக்கை சொன்னபோது அது எட்டாத தூரத்தில் இருந்தார். திரும்பி வரவில்லை. சித்தி ரொம்ப நாள் வாசல் விளக்கை அணைக்கவே விடவில்லை.

இப்போது லீவில் வீட்டுக்குப் போனால் சாயங்காலம் அப்பா போனை என்னிடம் நீட்டுவார். "வாசி மக்கா" என்பார். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. காற்று எவ்வளவு, அலை எவ்வளவு, எத்தனை நொடி என்று நான் வாசிப்பேன். அவர் வாசலுக்குப் போய் மேற்கே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போகலாமா வேண்டாமா என்று சொல்வார். போன ஆடியில் நான் வாசித்ததைக் கேட்டு ஒரு நாள் போகாமல் இருந்தார். அன்றைக்கு வருமானம் இல்லை. ராத்திரி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கஞ்சி குடித்தோம். நான் படித்த படிப்புக்கு இதுவரை கிடைத்த பெரிய மார்க் அதுதான்.

நண்பர்களே, இனி நாம் கடற்கரையில் இறங்கும்போது நான் வாயை மூடிக்கொண்டு நிற்க மாட்டேன். கேலி பண்ணினாலும் சரி. நீங்களும் நிற்காதீர்கள்.