முற்றத்தில் விழுந்த வெயில்

நுழையும்முன்

பிறந்து வளர்ந்த வீட்டை நினைக்கும்போது சுவரும் கூரையும் மட்டும் நினைவுக்கு வருவதில்லை. அங்கே விழுந்த வெளிச்சமும் உடன்வருகிறது. கண்ணாடி ஓட்டின் வழியே சமையலறையில் இறங்கும் வெயில், மழைநாளில் திண்ணையில் படியும் மங்கல், மாடத்து அகலின் சுடர் எனப் பொழுதுக்கேற்ப வீட்டின் முகம் மாறுகிறது. அந்த ஒளியைத் தாளிலும் கித்தானிலும் நிலைநிறுத்திய ஓவியர் ஒருவரையும் அவர் பிறந்த காவிரிப் படுகையின் ஓவிய மரபையும் இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

நிலமும் பொழுதும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தமிழ் அகப்பொருள் மரபு. வயலும் வயல் சார்ந்த இடமுமாகிய மருதத்திற்கு வைகறை சிறுபொழுதாகும். ஆறு பெரும்பொழுதுகளும் அதற்கு உரியன. தஞ்சை வட்டாரத்தில் ஓராண்டு வாழ்ந்தவர் இவ்வரையறையின் பொருத்தத்தை எளிதில் உணர்வர்.

ஆடியில் புதுப்புனல் வந்து வாய்க்கால்கள் நிறையும்போது வானம் வயல்நீரிலும் தெரிகிறது. ஐப்பசி அடைமழையில் பகலிலேயே வீட்டுக்குள் விளக்கேற்ற வேண்டியிருக்கிறது. மார்கழிப் பனியில் தெருமுனை மங்கிக் கோலத்தின் வெண்மை மட்டும் தெளிவாகத் தெரிகிறது. தையில் அறுவடை முடிந்த களத்தில் வைக்கோலின் பொன்னிறம் சுவர்களிலும் பரவுகிறது. தெரு ஒன்றே, அதன்மீது விழும் ஒளி வெவ்வேறு. எனவே பருவத்தை வரைய முனையும் ஓவியர் முதலில் ஒளியை அறிய வேண்டியவராகிறார்.

தஞ்சையின் ஓவிய மரபு

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உள்சுற்றில் சோழர்கால ஓவியங்கள் உள்ளன. நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த அவற்றை 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார்.

மராட்டியர் காலத்தில் செழித்த தஞ்சாவூர் ஓவியம் வேறு வகையானது. மரப்பலகையில் துணியை ஒட்டி, சுண்ணக் கலவையால் புடைப்புகள் செய்து, கற்களும் தங்கத் தகடும் பதித்து அது உருவாக்கப்படுகிறது. அங்கே ஒளி தங்கத்திலிருந்து பிறக்கிறது. தெய்வத்தின் அணிகலனிலும் மண்டபத் தூணிலும் மின்னுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் ஓவியம் இதழ்களின் வழியே வீடுகளுக்குள் வந்தது. தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணத்தில் ஓவியம் பயின்ற கோபுலு (1924–2015), ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு வரைந்த படங்களில் தஞ்சை மண்ணின் மாந்தரைக் கோடுகளால் உயிர்ப்பித்தார். தெய்வங்களும் அரசரும் இருந்த ஓவியப் பரப்பில் நாம் அன்றாடம் காணும் மனிதர்களும் இடம்பெற்றனர்.

எளியோர்மீது விழுந்த ஒளி

இம்மண்ணிலிருந்து வந்தவரே ஓவியர் எஸ். இளையராஜா (1979–2021). கும்பகோணத்தை அடுத்த செம்பியவரம்பல் என்னும் சிற்றூரில் பிறந்தவர். கும்பகோணம், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரிகளில் பயின்றவர். அவருடைய ஓவியங்கள் ஆனந்த விகடன் முதலிய இதழ்களின் வழியே தமிழகமெங்கும் அறிமுகமாயின. புகைப்படங்கள் என்றே பலர் அவற்றை முதலில் எண்ணினர்.

வாசற்படியில் அமர்ந்திருக்கும் பெண், அடுப்பங்கரையில் நிற்கும் தாய், சன்னலோரம் தனித்திருக்கும் சிறுமி ஆகியோரே அவருடைய ஓவியங்களின் தலைவியர். பக்கவாட்டில் நுழையும் வெயில் அவர்களுடைய கன்னத்தையும் புடைவை மடிப்பையும் பித்தளைப் பாத்திரத்தின் விளிம்பையும் தொட்டுச் செல்கிறது. எஞ்சிய இடம் நிழலில் ஆழ்ந்திருக்கிறது.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. நாட்காட்டிகளும் விளம்பரங்களும் வெண்ணிறமே அழகு என்று நெடுங்காலமாகக் கற்பித்து வந்துள்ளன. இளையராஜா கறுத்த, மாநிறப் பெண்களையே தம் ஓவியத்தின் நடுவில் அமர்த்தினார். ‘திராவிடப் பெண்கள்’ என்னும் ஓவிய வரிசையால் பெரும்புகழ் பெற்றார். வெயில் படும்போது கருநிறத் தோலில் செம்மையும் பொன்மையும் நீலமும் கலந்து தோன்றுவதை நுட்பமாகக் காட்டினார். தம் நிறத்தை எண்ணிக் கூசிய ஒரு பெண், தன்னைப் போன்ற ஒருத்தியை ஓவியத்தில் கண்டு நிமிர்வாள் என்றால் அக்கலைக்கு அதனினும் பெரிய பயன் வேண்டியதில்லை.

ஒளி பிறக்கும் முறை

நீர்வண்ண ஓவியத்தில் பெரும்பாலும் வெண்ணிறம் பூசப்படுவதில்லை. தாளின் வெண்மையே ஒளியாகிறது. எங்கே வண்ணம் தீட்டாமல் விட வேண்டும் என்பதை ஓவியர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். எண்ணெய்வண்ணம் மெதுவாக உலர்வது. ஆதலால் இருளிலிருந்து வெளிச்சத்திற்குப் படிப்படியாக நகர அது இடந்தருகிறது. இரண்டிலும் நிழலே ஒளிக்கு வலிமை சேர்க்கிறது.

உலக ஓவிய வரலாற்றிலும் இதற்கு இணையுண்டு. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த வெர்மீர் (1632–1675), சன்னல் வெளிச்சத்தில் பால் ஊற்றும் பணிப்பெண் ஒருத்தியை வரைந்தார். அரசியர்க்குரிய கண்ணியம் அப்பணிப்பெண்ணிடம் விளங்குகிறது. காலமும் கடலும் பிரித்த இருவரும் எளியவரின் அன்றாடத்தை மதித்தனர்.

நினைவும் உண்மையும்

பழையதை எண்ணி மகிழும் ஓவியத்தை நாம் விழிப்போடும் காண வேண்டும். அழகிய அடுப்பங்கரையில் புகை இருந்தது. அங்கே நின்றவரின் கண்கள் எரிந்தன. சன்னலோரம் அமர்ந்த பெண்ணுக்கு வெளியே செல்ல உரிமை இருந்ததா என்பதை ஓவியம் கூறுவதில்லை. பொன்னிறக் களத்தில் நெல்லைக் குவித்தவர் பலருக்குச் சொந்தமாக ஒரு காணி நிலமும் இருந்ததில்லை. சட்டகத்திற்குள் இருப்பதை நேசிப்பதும் வெளியே விடுபட்டதைக் கேட்பதும் நல்ல சுவைஞரின் இரு கடமைகள்.

ஆயினும் இவ்வோவியங்களின் தேவை குறைவதில்லை. ஓட்டு வீடுகள் குறைகின்றன, முற்றங்கள் மூடப்படுகின்றன, பத்தாயங்கள் விலைக்குப் போகின்றன. மின்விளக்கின் சீரான ஒளியில் ஆடியும் தையும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. 2021ஆம் ஆண்டு சூன் மாதம், கொரோனா பெருந்தொற்று இளையராஜாவின் உயிரைப் பறித்தது. நாற்பதுகளின் தொடக்கத்திலேயே அவர் மறைந்தார். அவர் வரைந்த முற்றங்களில் வெயில் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஓர் இடத்தைத் தேர்ந்து, காலை, நண்பகல், மாலை ஆகிய பொழுதுகளில் அங்கு விழும் ஒளியை உற்றுநோக்கி ஒரு பத்தி எழுதுக.

2. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் வாழ்ந்த பழைய வீட்டைப் பற்றிக் கேட்டு, அங்கிருந்த இனிமையையும் இடர்ப்பாட்டையும் குறிப்பெடுத்து வகுப்பில் பகிர்க.

3. ‘அழகு நிறத்தில் இல்லை’ என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.