ஜூடோக் கலையில் ஹராய் கோஷி: கற்றலும் பிழை களைதலும்

தோற்றுவாய்

உடற்கலைகளைக் கற்கப் புகும் மாணவர் பலர் ஓரிடத்தில் தளர்ந்து நின்றுவிடுகின்றனர். ஆசிரியர் செய்துகாட்டும்போது எளிதாகத் தோன்றிய ஓர் அசைவு, தாம் செய்யும்போது கைகூடுவதில்லை. ‘எனக்கு வலிமை போதவில்லை’ என்றோ, ‘என் உடல்வாகு இதற்கு ஏற்றதன்று’ என்றோ தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டு சில திங்களில் பயிற்சியை விட்டு விலகுகின்றனர். விலகாதவருள் சிலர், போதாத திறனை முரட்டுத்தனத்தால் ஈடுசெய்ய முயன்று, தம் முழங்காலையோ தோழரின் முழங்காலையோ கெடுத்துக்கொள்கின்றனர். இவ்விரு இழப்புகளும் தவிர்க்கத்தக்கவை. பிழை கண்ணுக்குத் தெரியும் இடம் வேறு, அது பிறக்கும் இடம் வேறு என்பதை உணர்ந்தால் போதும். ஜூடோவின் ‘ஹராய் கோஷி’ என்னும் வீழ்த்துமுறையைச் சான்றாகக் கொண்டு இவ்வுண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கானோவும் கோடோகனும்

ஜூடோவை வகுத்தவர் ஜப்பானியக் கல்வியாளர் ஜிகோரோ கானோ (1860-1938). டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பயின்று 1881-இல் பட்டம் பெற்ற அவர், அடுத்த ஆண்டிலேயே டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் ‘கோடோகன்’ என்னும் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். பழைய ஜுஜுட்சு மரபுகளுள் தென்ஜின் ஷின்யோ, கிதோ ஆகிய இரண்டையும் முறையாகக் கற்றவர். டோக்கியோவின் ஆசிரியர் பயிற்சி உயர்கல்லூரிக்குத் தலைவராகவும் விளங்கியவர். ஆதலின் அவர் வகுத்த கலையில் ஒரு நல்லாசிரியரின் கை தெரிகிறது. ஒவ்வோர் அசைவுக்கும் பெயர் உண்டு, வகை உண்டு, கற்கவேண்டிய வரிசையும் உண்டு. 1895-இல் வகுக்கப்பட்டு 1920-இல் திருத்தப்பெற்ற ‘கோக்யோ’ என்னும் பாடத்திட்டம், 40 வீழ்த்துமுறைகளைத் தொகுதிக்கு 8 வீதம் 5 தொகுதிகளாகப் பகுக்கிறது. ஹராய் கோஷி இவற்றுள் இரண்டாம் தொகுதியைச் சார்ந்தது. முதல் தொகுதியின் எட்டினையும் ஓரளவு பழகியவரே இதற்கு வரவேண்டும் என்பது இவ்வைப்பு முறையால் பெறப்படும்.

மாணவர் தந்த பாடம்

கானோ விரும்பிக் கையாண்ட முறை ‘உகி கோஷி’, அதாவது மிதக்கும் இடுப்பு. எதிராளரின் இடையைக் கையால் அணைத்து, தம் இடுப்பை அவர்முன் செலுத்தி, உடலைத் திருப்பி வீழ்த்துவது அது. அவர்தம் தொடக்ககால மாணாக்கருள் சாய்கோ ஷிரோ (1866-1922) என்பார் சிறிய உடலும் மிகுந்த விரைவும் உடையவர். இவரை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்த ‘சுகதா சன்ஷிரோ’ என்னும் புதினத்தையே அகிரா குரோசாவா 1943-இல் திரைப்படமாக்கினார். ஆசிரியரின் இடுப்பு உள்ளே நுழையும் கணத்தில் அதனைத் தாண்டிக் குதித்து மறுபக்கம் நின்றுகொள்ளச் சாய்கோ பழகிவிட்டார். உகி கோஷி அவரிடம் பலிக்கவில்லை. தாண்ட முயலும் அக்காலின் வழியைத் தம் காலால் மறித்து, அதனையே மேல்நோக்கித் துடைத்தெடுக்கும் உத்தியைக் கானோ கண்டார். அதுவே ஹராய் கோஷி ஆயிற்று என்பது கோடோகன் மரபில் வழங்கும் வரலாறு. ‘நகே நோ காதா’ என்னும் வரன்முறைப் பாடத்தில் உகி கோஷியை அடுத்தே ஹராய் கோஷி வைக்கப்பட்டிருத்தல் ஈண்டு நினைக்கத்தக்கது. மாணவர் தப்பிய வழியே ஆசிரியருக்குப் புதிய பாடமாயிற்று. தோல்வியை ஆராய்ந்தவருக்கு அதுவே கருவியாகும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

பெயர் உணர்த்தும் பொருள்

‘ஹராய்’ என்பது துடைத்தல், பெருக்கித் தள்ளுதல் எனப் பொருள்படும். ‘கோஷி’ இடுப்பைக் குறிக்கும். தனித்து நிற்கையில் வன்மையாக ஒலிக்கும் இச்சொல்லின் முதலெழுத்து, மற்றொரு சொல்லின் பின்னே சேர்ந்து தொகைச்சொல்லாகும்போது மென்மையாக ஒலிக்கும். தமிழ் எழுத்தில் இவ்வேறுபாடு தோன்றாது. எனினும் சொற்கள் புணருங்கால் ஒலி திரிதல் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று.

நாம் இங்குக் கருதவேண்டியது வேறொன்று. பார்ப்பவர் கண்ணுக்கு இவ்வீழ்த்துமுறையில் முதன்மையாகத் தெரிவது வீசும் கால். ஆயினும் கோடோகன் இதனை இடுப்பு வகையில் வைத்துள்ளதேயன்றிக் கால் வகையில் வைக்கவில்லை. எதிராளரின் தொடைகளுக்கு இடையே காலை வீசும் ‘உச்சி மதா’ என்பதோ கால் வகையில் வைக்கப்பட்டுள்ளது. எனவே ஹராய் கோஷியில் பளுவைத் தாங்குவதும் திசையைத் தீர்மானிப்பதும் இடுப்பே. கால் அதற்குத் துணை. இவ்வகைப்பாட்டை மனத்திற்கொண்டாலே மாணவரின் பாதிப் பிழைகள் நீங்கும்.

மூன்று படிகள்

ஜூடோவில் வீழ்த்துதல் மூன்று படிகளாகப் பகுக்கப்படும். நிலைகுலைத்தல் (குஸுஷி), பொருந்தி அமைதல் (ட்ஸுகுரி), முடித்தல் (காகே) என்பன அவை. வீழ்த்துபவரை வீசுபவர் என்றும், மற்றவரை வீழ்பவர் என்றும் இங்கு வழங்குவோம். வலப்பக்க முறையைக் காண்போம்.

முதற்படி: வீசுபவரின் இடக்கை, வீழ்பவரின் வலச் சட்டைக்கையை முழங்கையருகே பற்றியிருக்கும். வலக்கை அவர்தம் மேலங்கியின் இடப்பக்க மார்பு மடிப்பைப் பற்றியிருக்கும். கைக்கடிகாரத்தில் மணி பார்ப்பவரைப்போல இடக்கையை உயர்த்தி வெளிப்புறம் இழுக்கவேண்டும். வலக்கை மார்பு மடிப்பை மேலே தூக்கும். இதனால் வீழ்பவர் தம் வலப்பக்க முன்மூலை நோக்கிச் சாய்வார். அவர் எடை முழுதும் வலக்கால் விரல்களின்மேல் வந்து நிற்கும்.

இரண்டாம் படி: வீசுபவர் தம் வலக்காலை வீழ்பவரின் வலக்காலுக்கு முன்னே உட்புறமாக வைத்து, இடப்பக்கம் திரும்பி, இடக்காலைப் பின்னே வளைத்துக் கொணர்வார். இடக்காலே இனி அவரைத் தாங்கும் தூண். அதன் முழங்கால் சற்று மடிந்திருக்கவேண்டும். விரல்கள் வீசும் திசையை நோக்கவேண்டும். வீசுபவரின் வல விலாவும் இடுப்பின் வலப்பின்புறமும் வீழ்பவரின் மார்போடும் அடிவயிற்றோடும் இடைவெளியின்றிப் பொருந்தவேண்டும்.

மூன்றாம் படி: வலக்காலை நீட்டி, பாதவிரல்களைக் கூர்மையாக வைத்து, வீழ்பவரின் வலத்தொடையின் வெளிப்புறத்தை முழங்காலுக்கு மேலாகத் தொட்டுப் பின்னும் மேலுமாகத் துடைத்தெடுக்கவேண்டும். அதே கணத்தில் தலையும் தோளும் இடப்பக்கம் திரும்ப, கைகள் இழுப்பை விடாது தொடரும். வீழ்பவர் இடுப்பைச் சுற்றி வளைந்து முன்னே விழுவார். சட்டைக்கையை விடாது பற்றி மேலிழுத்து, அவர் தலை தரையில் மோதாமல் காப்பது வீசுபவரின் கடமை.

பிழைகளும் அவற்றின் வேர்களும்

1. கால் வீசியும் எதிராளர் அசையாமை. மாணவர் இன்னும் வேகமாகக் காலை வீச முயல்வார், பயனிராது. இருவர் மார்புக்கும் இடையே இடைவெளி இருத்தலே காரணம். இடைவெளி இருந்தால் இழுப்பு உடலுக்குச் செல்லாது; துணியை மட்டும் இழுத்துக்கொண்டிருப்போம். சில நாள் காலை வீசாமல், இழுத்துத் திரும்பிப் பொருந்துவதை மட்டும் பழகவேண்டும். பொருந்தியதா இல்லையா என்பதை வீழ்பவரே சொல்லட்டும்.

2. எதிராளர் முன்னே சாயாமல் குதிகாலில் நிற்றல். இடக்கை தாழ்ந்து இழுப்பது இதன் வேர். கீழ்நோக்கிய இழுப்பு எதிராளரைத் தரையில் அழுத்தி ஊன்றச் செய்யும். முதலில் மேலே, பின்னர் வெளியே, இறுதியில் தம் இடப்பக்க இடுப்பை நோக்கிக் கீழே என்பதே கையின் வழி.

3. வீசுபவரே தள்ளாடுதல். ஒற்றைக்காலில் நிற்கும் வலிமை குறைவு என்று பலரும் கருதுவர். பெரும்பாலும் தாங்கும் கால் எதிராளரைவிட்டு நெடுந்தொலைவில் ஊன்றப்பட்டிருக்கும். அதனால் பின்னே இழுக்கப்பட்டுச் சாய்வார். அக்காலை வீழ்பவரின் பாதங்களுக்கு நடுவே அருகில் கொணர்ந்தால் தள்ளாட்டம் நிற்கும்.

4. தாங்கும் முழங்காலில் வலி. பாதம் பழைய திசையிலேயே நிற்க, உடல் மட்டும் திரும்புவதால் முழங்கால் முறுக்கப்படுகிறது. இது பொறுத்துக்கொள்ளவேண்டிய வலியன்று. உடனே நிறுத்தித் திருத்தவேண்டிய பிழை. பாதம் முதலில் திரும்பவேண்டும்; உடல் அதன்பின் வரவேண்டும்.

5. இடுப்பு மிகுதியாக உள்ளே செல்லுதல். இடுப்பு முழுதும் கடந்து மறுபக்கம் சென்றுவிட்டால் அது ‘ஓ கோஷி’ என்னும் பெரிய இடுப்பு வீச்சாகிவிடும். காலுக்குத் துடைத்தெடுக்க ஒன்றும் எஞ்சாது. ஹராய் கோஷியில் வலத்தொடை எதிராளரின் வலத்தொடையை எட்டும் அளவிலேயே இடுப்பு நிற்கவேண்டும்.

6. தலை குனிந்து முன்னே பாய்தல். கை செய்யவேண்டிய பணியைத் தலையின் எடையால் செய்ய முனைவதே இது. கழுத்துக்குப் பெருங்கேடு தருவது. ஹராய் கோஷி, உச்சி மதா போன்றவற்றைச் செய்கையில் தலை முதலாக விரிப்பில் பாய்பவரைப் பன்னாட்டு விதிகள் ஆட்டத்திலிருந்தே நீக்கிவிடுகின்றன. பார்வையை இடத்தோளுக்கு அப்பால் செலுத்தினால் தலை தானே நிமிரும்.

7. முழங்காலில் மோதுதல். துடைத்தெடுத்தல் உதைத்தலாக மாறும்போது, அடி எதிராளரின் முழங்கால் மூட்டின் பக்கவாட்டில் விழும். இதன் வேரும் பொருந்தாமையே. அருகில் வராதவர் தொலைவிலிருந்து காலால் எட்ட முயல்கிறார்.

8. எதிராளர் பின்னே சாய்ந்து தப்புதல். இது பிழையன்று, எதிராளரின் மறுமொழி. அவர் எடை குதிகாலுக்குச் சென்றுவிட்டதால், வலிந்து முன்னிழுப்பதை விடுத்துப் பின்னே வீழ்த்தும் ‘ஓசோட்டோ காரி’க்கு மாறவேண்டும். சாய்கோ தாண்டியபோது கானோ செய்ததும் இத்தகைய மாற்றமே.

இவ்வெட்டினையும் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பெரும்பாலானவை மூன்றாம் படியில் வெளிப்படுகின்றன. ஆனால் முதலிரு படிகளில் பிறக்கின்றன. ஆதலின் வீழ்த்துதல் தவறியவுடன் காலைத் திருத்தப் புகாமல், பின்னோக்கி ஒவ்வொரு படியாக வினவவேண்டும். பொருந்தினேனா? பாதம் திரும்பியதா? எதிராளர் சாய்ந்தாரா? எந்த வினாவுக்கு ‘இல்லை’ என விடை வருகிறதோ, அங்கே பாடம் தொடங்குகிறது.

பயிற்சி நிரல்

வீசக் கற்பதற்கு முன் விழக் கற்றல் இன்றியமையாதது. கையை ஊன்றி விழுபவர்க்கு மணிக்கட்டும் தோளும் ஊறுபடும். வலப்பக்கமாக வீழ்த்தப்படுபவர் இடப்பக்கத்தில் விழுந்து, இடக்கையை நீட்டி விரிப்பில் அறைந்து, மோவாயை மார்போடு சேர்த்துத் தலையைக் காக்கவேண்டும்.

அதன்பின் சுவரில் கைவைத்து ஒற்றைக்காலில் நின்று காலை வீசிப் பழகலாம். அடுத்து ‘உச்சிகோமி’. வீழ்த்தாமல் நுழைந்து பொருந்தி மீளும் இப்பயிற்சியைப் பத்துப் பத்தாகச் செய்யலாம். எண்ணிக்கையைவிட ஒவ்வொரு நுழைவும் ஒழுங்காதல் முதன்மை. களைத்தபின் செய்யும் நுழைவுகள் பிழையையே பழக்கமாக்கும். மூன்றாவதாக, வீழ்பவர் வலக்காலை முன்வைக்கும் நேரம் பார்த்து நடந்தவாறே நுழையவேண்டும். பிறகு தடித்த மெத்தையில் முழுமையாக வீழ்த்தலாம். கட்டற்ற பயிற்சியாகிய ‘ரந்தோரி’ இவற்றுக்குப் பின்னரே. எதிராளரைக் கையால் சுருட்டிக்கொண்டு தாமும் உடன்விழும் ‘ஹராய் மகிகோமி’ தனியான முறை. வீசுபவரின் எடை முழுதும் வீழ்பவர்மேல் இறங்குமாதலால் தொடக்க நிலையினர் அதனைத் தவிர்க்கவேண்டும்.

நிறைவுரை

கானோ தம் கலைக்கு இரு கொள்கைகளை நிறுவினார். ஒன்று ஆற்றலை நன்முறையில் முழுப்பயனுறச் செலவிடுதல். மற்றொன்று தாமும் பிறரும் ஒருங்கே நலமுறுதல். ஹராய் கோஷியில் இவ்விரண்டும் உடல் வடிவம் பெறுகின்றன. சரியான கணத்தில் பொருந்தினால் சிறிய ஆற்றலே போதும் என்பது முன்னது. வீழ்பவரின் சட்டைக்கையை விடாது பற்றிக்கொள்ளும் வீசுபவரின் இடக்கை பின்னதற்குச் சான்று. தம் உடலைக் கற்பதற்காக ஒப்படைத்த தோழர் நலமாக எழுந்து நின்றால்தான் அடுத்த முறை கற்க இயலும்.

1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் எடைவரம்பற்ற பிரிவில், ஜப்பானின் யசுஹிரோ யாமாஷிதா வலக்காலில் காயத்தோடு இறுதியாட்டத்திற்கு வந்தார். எதிர்நின்றவர் எகிப்தின் முகம்மது ரஷ்வான். தங்கம் யாமாஷிதாவுக்கும் வெள்ளி ரஷ்வானுக்கும் உரியனவாயின. பரிசு மேடையின் மேற்படியில் ஏற யாமாஷிதா இடர்ப்பட்டபோது கைகொடுத்தவர் ரஷ்வானே.

மல்லில் பிறரை வீழ்த்துவதனால் மட்டும் ஒருவர் வலியவராகிவிடுவதில்லை என்பதும், சினம் எழும்போது தம்மை அடக்கிக்கொள்பவரே வலியவர் என்பதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. பயிற்சி விரிப்பில் இதன் பொருள் தெளிவாக விளங்கும். வீழ்த்துதல் தவறும்போது எழும் சினமே காலை முரட்டுத்தனமாக வீசச் செய்கிறது. அவ்வீச்சே தோழரின் முழங்காலைக் கெடுக்கிறது. அச்சினத்தை அடக்கி, ஒரு படி பின்சென்று, ‘பொருந்தினேனா?’ என வினவும் மாணவர் தம் தோழரையும் காக்கிறார், கலையையும் கைக்கொள்கிறார்.