மேய்ந்த மாடா, தொழுவத்து மாடா? கறி எடுக்கும் முன்

வன்னியம்பட்டிப் பக்கம் "மேய்ச்சல் மாட்டுக்கறியா?" என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். இங்கே மேயாத மாடு ஏது? அதனால் கேள்வியை மாற்றுங்கள்: "அண்ணே, கடைசி மூணு மாசம் இது என்ன தின்னுச்சு?" வைக்கோல், தவிடு, புண்ணாக்கு என்று பதில் வந்தால், மேய்ச்சல் என்று கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

பச்சைப்புல் தின்ற மாட்டின் கறியில் கொழுப்பு குறைவு; ஒமேகா-3, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் கூடுதல். இரும்பும் பி12-உம் எந்த மாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒமேகா-3 மட்டும்தான் வேண்டும் என்றால் மத்தி மீன் வாங்குங்கள், செலவு மிச்சம்.

அடுத்து, மாதம் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்க் கரையும் தரிசும் பசேலென்று ஆன பிறகு, மார்கழி, தையில் எடுக்கும் கறிதான் உண்மையான புல்கறி. சித்திரையில் மேய்ச்சலுக்குப் போகும் மாடும் சருகைத்தான் கடிக்கிறது. 'மலையில் மேய்ந்தது' என்று விலையை ஏற்றினால் யோசியுங்கள். இந்தப் பக்கத்து மலைக்காடான ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021இல் புலிகள் காப்பகமானது. காப்பகங்களுக்குள் மாடு மேய்க்க 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

இனி கொழுப்பு. புல்லில் உள்ள கரோட்டின் பசுவின மாட்டின் கொழுப்பை மஞ்சளாக்கும். ஆனால் இதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். எருமை எவ்வளவு புல் தின்றாலும் அதன் கொழுப்பு வெள்ளைதான். கரோட்டினை அது வைட்டமின் ஏ-ஆக மாற்றிவிடும். ஜெர்சிக் கலப்பு மாட்டுக்கோ இயல்பிலேயே மஞ்சள் தூக்கலாக இருக்கும். ஆகவே முதலில் எந்த மாடு என்று கேளுங்கள், பிறகு நிறத்தைப் பாருங்கள்.

ஈரல் வாங்கினால் கண் முன்னே அறுக்கச் சொல்லுங்கள். கண்மாய் ஓரம் மேயும் மாடுகளுக்கு நத்தை வழியாகத் தட்டைப்புழு வரும். பித்தக் குழாய்கள் தடித்து வெளிறியிருந்தாலோ, இலை போன்ற புழு தெரிந்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புல் தின்றது என்பதால் நோய் வராது என்பது நகரத்து நம்பிக்கை.

சமைப்பதில்தான் பலர் தோற்கிறார்கள். தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி காளை, எருமை எதுவானாலும் பொதுவாக 10 வயதைத் தாண்டி, உழவுக்கும் இனவிருத்திக்கும் உதவாமல் போனால்தான் அறுக்கச் சான்றிதழ் கிடைக்கும். நடந்து நடந்து இறுகிய கிழட்டுச் சதை, போதாததற்குக் கொழுப்பும் இல்லை. அப்படியே வறுத்தால் செருப்புத் தோல்தான். ஒரு கிலோவுக்கு ஒரு கரண்டி பப்பாளிக்காய் அரைத்துப் பிசறி அரைமணி நேரம் வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் கறி கூழாகும். பிறகு மஞ்சளும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் குக்கரில் சிறுதீயில் முக்கால் மணி நேரம். நடுவில் சிவப்பு தெரியவே கூடாது. நாடாப்புழுவுக்கு அரைவேக்காடு விருந்து. வெந்த பிறகு கடலை எண்ணெயைத் தாராளமாக ஊற்றி மிளகு போட்டுச் சுண்ட வையுங்கள்.

தொடைக்கறி மிஞ்சினால் நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி நூலில் கோத்து வெயிலில் காயவிடுங்கள். கொழுப்பு குறைந்த கறி என்பதால் சிக்கு வாடை சீக்கிரம் அடிக்காது. உப்புக்கண்டத்துக்கு மட்டும் சித்திரை மாட்டையே எடுக்கலாம்.